இருநூற்று முப்பத்தொரு கிலோமீட்டர்

மலிவு விலையில் ஒரு மின்சாரக் கார் வரப்போகிறது என்ற செய்தி தர்மபுரிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து என்னால் நிம்மதியாக முடிவெட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. கடைக்காரர் கத்தரிக்கோலைக் காதருகே நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கிறார், “ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போவுங்க?” போனில் பார்க்கும் வீடியோவில் ஒருவன் முந்நூறு என்கிறானாம், இன்னொருவன் நானூறு என்கிறானாம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தால், இலையில் உப்பு வைத்து முடிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுகிறார்.

அவர்கள் மேல் தப்பில்லை. முப்பது வருஷம் நான் செய்த வேலையே அதுதான். வண்டிகளை ஓட்டிப் பார்த்து, அது என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று எழுதித் தருவது. கேட்டால் “தெரியாதுங்க” என்கிறேன். ஏதோ ரகசியம் காப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ரகசியமெல்லாம் இல்லை. எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். “அண்ணா, நீங்க வேலை பார்த்த கதையை எழுதிக் குடுங்க, புதுசா சேர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கலாம்” என்றார்கள். என்னைப் போல இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டார்களோ என்னவோ, எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை நீளமானது, சுவாரசியமில்லாதது. ஒரு பணிமனையில் வண்டி கழுவினேன். பிறகு லாரிக்கு மாற்று ஓட்டுநராக ஆறு வருஷம். பிறகு தர்மபுரி புறவழிச்சாலை ஓரத்தில், கம்பெனிகளுக்காக வண்டிகளைச் சாலையில் ஓட்டிச் சோதித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். தகர ஷெட், இரண்டு மேசை, ஒரு எடை மேடை. எங்களுக்கு அந்த இடம் ஏன் என்று கேட்டால், சாலையைக் காட்டுவோம். தெற்கே போனால் தொப்பூர் கணவாய். சேலம் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வடக்கே சமதளம். மேற்கே பாலக்கோடு, மாரண்டஹள்ளி என்று குண்டும் குழியுமாக ஊர்ச்சாலை. ஒரு வண்டியின் குணம் தெரிய இதற்கு மேல் வேறு எதுவும் வேண்டாம்.

பெட்ரோல் வண்டிக்கு முறை எளிது. டாங்கை வாய் வரை நிரப்ப வேண்டும். வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டிக் காற்றை வெளியேற்றி மறுபடி நிரப்ப வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்கில், அதே குழாயில் திரும்ப நிரப்பி, எவ்வளவு உள்ளே போனது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த நூறு கிலோமீட்டரில்தான் என் வித்தை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிப்பேன், முட்டையை மிதிப்பது போல. பெரிய லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று தடுக்காது. டயரில் சொன்னதைவிட மூன்று புள்ளி அதிகம் அடிப்பேன். ஒரு தடவை எடை குறையட்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். என் மனைவி சரோஜா அதன் மேல் முறத்தை வைத்து மிளகாய் காயப்போட்டுவிட்டாள். மறுநாள் ஸ்டெப்னி எங்கே என்று அலுவலகத்தில் தேடியபோது, காரமான ஒரு டயரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மற்றவர்கள் பதினெட்டு கொண்டுவந்த வண்டியில் நான் இருபத்திரண்டு கொண்டுவருவேன். ‘மைலேஜ் மாதையன்’ என்று பெயர். அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ரெஜினா மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்தார். மொரப்பூர் பக்கத்துக்காரர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். மூன்று தடவை ஓட்டி மூன்று தடவையும் ஒத்துவந்தால்தான் பேனாவைத் திறப்பார். “தப்பு” என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாமுங்களா?” என்பார். அதைக் கேட்டால் மற்ற ஓட்டுநர்கள் மறுபடி சாவியை எடுப்பார்கள். நான் மட்டும் எடுத்ததில்லை. ஏனென்றால் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நான் கொண்டுவந்த எண்ணைப் பார்ப்பார், “அப்படிங்களா” என்பார், எழுதிக்கொள்வார். மேடத்துக்கு என் திறமை மேல் அவ்வளவு நம்பிக்கை என்று சரோஜாவிடம் சொல்லிக்கொள்வேன்.

மின்சாரக் கார்கள் வந்தபோது முறை மாறியது. முந்தின நாளே முழுதாகச் சார்ஜ் ஏற்றி நிறுத்த வேண்டும். காலையில் டயர் சூடேறும் முன் காற்றழுத்தம் பார்க்க வேண்டும். பின் இருக்கையில் எடைபோட்ட மணல் மூட்டைகள். ஏசி இருபத்துநான்கில், காற்று இரண்டில், கண்ணாடி ஏற்றியபடி. குறித்த இடங்களில் நிறுத்தி, ஓடிய தூரம், மிச்சமிருக்கும் சதவீதம், இன்னும் எவ்வளவு போகும் என்று திரை சொல்வது, வெளிவெப்பம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இதில் மேடம் கண்டிப்பாகச் சொன்னது ஏசியைப் பற்றித்தான். நம் ஊரில் யாரும் ஏசி இல்லாமல் கார் ஓட்டப்போவதில்லை, அதனால் அணைத்துவிட்டு ஓட்டிய எண்ணால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்றார்.

தலையாட்டினேன். தொப்பூர் ஏற்றத்தில் அணைத்தேன்.

அப்போது சோதனைக்கு வந்த ஒரு மின்சாரக் காருக்குக் காகிதத்தில் கம்பெனி சொன்னது இருநூற்று ஐம்பது கிலோமீட்டர். மற்ற இரண்டு ஓட்டுநர்கள் நூற்று எண்பதை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். நான் சட்டையெல்லாம் பிழியப் பிழிய நனைந்து, இருநூற்று முப்பத்தொன்று கொண்டுவந்தேன். தாளில் ‘ஏசி 24’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் என் சட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், “அப்படிங்களா” என்றார்.

அலுவலகத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த எண்ணை நான் மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோனேன்.

மாரண்டஹள்ளியில் என் சகலை குமரேசன் இருக்கிறார். சரோஜாவின் அக்கா ருக்மணியின் கணவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவர். எனக்கும் அவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சின்னப் போட்டி உண்டு. அவர் படித்தவர், நான் ஸ்டீரிங் பிடித்தவன். அந்த வருஷம் ருக்மணி அக்காவுக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, சேலத்தில் கீமோ ஆரம்பித்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். பஸ்ஸில் அழைத்துப்போக முடியவில்லை. கார் வாங்கலாம் என்று முடிவெடுத்தபோது, சகலை வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் யோசனை கேட்டார். மாரண்டஹள்ளியிலிருந்து சேலம் போய்த் திரும்ப இருநூற்றுப் பத்து ஆகிறது, இந்த வண்டி தாங்குமா என்று.

“இருநூத்தி முப்பத்தொண்ணு, சகல. நானே ஓட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கறன்” என்றேன்.

வேறு யாரிடமும் சரிபார்க்காமல் அவர் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார்தான்.

முதல் இரண்டு தடவை அவரே ஓட்டிப்போனார். சேலத்தில் சார்ஜ் போட்டுவிட்டு வந்தார். அதைச் சொன்னபோது எனக்கு ஏனோ அவமானமாக இருந்தது. எதற்கு முக்கால் மணி நேரம் வீணாகக் காத்திருக்க வேண்டும், அடுத்த தடவை நான் வந்து ஓட்டுகிறேன், எப்படி ஓட்டுவது என்று பாருங்கள் என்றேன்.

மே மாதம். முன்னால் நானும் சகலையும், பின்னால் ருக்மணி அக்காவும் சரோஜாவும். போகும்போது எல்லாம் பிரமாதம். தொப்பூர் இறக்கத்தில் காலைத் தூக்கினால் வண்டி தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். திரையில் எண் குறையாமல் நின்றது. “பாத்தீங்களா” என்று நான் நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன். மருத்துவமனையில் கூட்டம். அக்காவால் அந்த வராந்தாவில் உட்கார முடியவில்லை. முறை வரும்வரை நிழலில் காரை நிறுத்தி, ஏசி போட்டு உட்கார வைத்தோம். நிற்கிற வண்டியில் ஏசி எவ்வளவு தின்னும் என்று அலுவலகத் தாள் எதிலும் ஒரு கட்டம் கிடையாது. நானும் கணக்கில் எடுக்கவில்லை.

திரும்பும்போது சேலம் எல்லையில் சார்ஜ் போடும் இடம் வந்தது. திரை இன்னும் எழுபத்தெட்டு கிலோமீட்டர் போகும் என்றது. தர்மபுரிக்கு அறுபது. சகலை மெதுவாக, போட்டுக்கொள்ளலாமே என்றார். அக்கா ஊசி போட்டுக் களைத்திருக்கிறார், காக்க வைக்கக் கூடாது, தர்மபுரியில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அக்காவைப் பற்றிய அக்கறை போலத்தான் அது வெளியே வந்தது. உள்ளே இருந்தது வேறு. முதல் தடவையாக என்னை நம்பிய சகலைக்கு முன்னால் என் எண் தோற்கக் கூடாது.

கணவாய் அடிவாரத்தில் முப்பத்தொன்பது. ஏற்றம் ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர் ஏறியதும் முப்பத்தைந்து. அடுத்த கிலோமீட்டரில் முப்பது. எதிர்க்காற்று வேறு. நான் ஏசியை அணைத்தேன். கண்ணாடி திறந்தால் காற்று உள்ளே வந்து வண்டியை இழுக்கும் என்று அதையும் ஏற்றியே வைத்தேன். இருபத்தொன்று. முன்னால் போன லாரியின் பின்னால் ஒட்டினேன். அதன் புகையும் எங்களோடு ஏறியது. பதினான்கு.

பின்னாலிருந்து ருக்மணி அக்கா கேட்டார், “தம்பி, ஜன்னலயாச்சும் தொறந்துக்கட்டுங்களா?”

“ரெண்டு கிலோமீட்டர்தான் அக்கா. ஏத்தம் முடிஞ்சதும் தொறந்துக்கலாம்.”

நான் சொன்னேன். கீமோ முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பெண்ணிடம், மே மாதத்து மத்தியானத்தில், அதைச் சொன்னவன் நான்தான். சரோஜா கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் விவரிக்க முடியவில்லை. அவள் கை நீட்டி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

திரையில் ஒரு ஆமைப் படம் எரிந்தது. அந்தப் படத்தைப் பற்றி அலுவலகத்தில் பேசியிருக்கிறோமே தவிர, நான் நேரில் பார்த்ததில்லை. சார்ஜ் தீரப்போகிறது, இனி ஊர்ந்துதான் போவேன் என்று வண்டி சொல்வது அது. மிதித்தாலும் வேகம் வரவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. தொப்பூர் ஏற்றத்தில் பாதி வழியில் நின்ற வண்டிகளுக்கு என்ன ஆகும் என்று முப்பது வருஷமாகப் பார்த்தவன் நான். ஒரு வளைவு தாண்டி ஓரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில், கடைசி மூச்சில் ஒதுக்கினேன். நின்றுவிட்டது.

எல்லோரையும் இறக்கித் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். சகலை மரக்கிளை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போட்டார். நான் கல் பொறுக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் காரைப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லி விற்றார்கள் என்று விசாரித்தார். சகலை கையை நீட்டி என்னைக் காட்டினார்.

ரோந்துக்காரர்கள் தர்மபுரி பஸ் ஒன்றை நிறுத்தினார்கள். நடத்துநர் முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். அக்காவை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். மூன்று பேரும் போய்விட்டார்கள். கார் ஏற்றும் வண்டி வரும்வரை நான் அந்த வெயிலில் மூன்று மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் தரை அதிர்ந்தது. இருநூற்று முப்பத்தொன்று என்ற எண்ணுக்குக் கீழே என் கையெழுத்து இருப்பது ஞாபகம் வந்தது. அந்தத் தாளை நம்பி இன்னும் எத்தனை குமரேசன்கள் வாங்கியிருப்பார்கள், எத்தனை ருக்மணிகள் இப்படி ஓரத்தில் இறங்கி நிற்பார்கள் என்று நினைத்தபோது வாந்தி வந்தது. வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை, வேலை போனாலும் போகட்டும் என்று மேடத்தின் முன்னால் போய் நின்றேன். ஏற்றத்தில் ஏசியை அணைத்ததை, லாரிக்குப் பின்னால் ஒட்டியதை, டயரில் மூன்று புள்ளி ஏற்றியதை, மிளகாய் காய்ந்த ஸ்டெப்னி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் நீர் முட்டியது. மேடம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து என் பழைய தாள்களை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் நான் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலில் இன்னொரு எண் இருந்தது. இருநூற்று முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் நூற்று எண்பத்திரண்டு.

“உங்க நம்பர நான் அப்படியே அனுப்புனதே இல்லீங்க” என்றார்.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அவர் வந்த முதல் வருஷத்திலிருந்தே என்றார். பதினொரு வருஷம். நான் பாவமன்னிப்புக் கேட்க வந்த பாவம் நடக்கவே இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா பயந்து ஒரு நாள் ஒழுங்கா ஓட்டுவீங்க, ஒரு நாள் பழையபடி ஓட்டுவீங்க. எதக் கழிக்கறதுன்னு எனக்குத் தெரியாமப் போயிருக்கும். நீங்க எப்பவும் ஒரே அளவுதான் ஏமாத்துனீங்க. அது ஒரு வசதியா இருந்துச்சு.” தாள்களை அடுக்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார், “ஆனா நீங்க வூட்டுல போய்ச் சொன்ன நம்பர நான் கழிக்க முடியாதில்லீங்களா.”

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம் எனக்குத் தூரம் பார்க்கும் ஓட்டம் கொடுக்கப்படவில்லை. பிரேக் சத்தம், கதவு இடுக்கில் மழைத்தண்ணீர் என்று வேறு சோதனைகள். மைலேஜ் மாதையனாக இருந்த நான் கார் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். வண்டி கழுவ ஆரம்பித்தவன், கழுவியே முடித்தேன்.

சகலை என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. ஒரு நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ருக்மணி அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றதற்காக மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“வண்டி நின்னதுல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. மெசினுன்னா நிக்கத்தான் செய்யும். ஜன்னலத் தொறக்க வுடலியே, அதுதான்” என்றார். பிறகு சாத்துக்குடியை உரித்து எனக்கும் பாதி கொடுத்தார்.

அக்கா தேறிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேலம் போய்க் காட்டிவந்தால் போதும். அந்தக் காரைச் சகலை பாலக்கோட்டுக்கு மேல் எடுப்பதில்லை. சேலத்துக்கு வாடகை வண்டிதான்.

இப்போது இந்தப் புதிய மலிவுக் கார். போன வாரம் ரெஜினா மேடம் கூப்பிட்டார். சோதனை வண்டி ஒன்று வந்திருக்கிறது, ஒரு நாள் வர முடியுமா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். உருவம் தெரியாமலிருக்கக் கோடுகோடாகக் காகிதம் ஒட்டிய சின்னக் கார் நின்றது. ஓட்டுநர் கதவுப் பக்கம் போனேன். மேடம் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மணல் மூட்டை ஒன்று கிழிந்துவிட்டதாம். எழுபத்தெட்டு கிலோ தேவைப்பட்டதாம். என்னை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு கிலோ அதிகம், பரவாயில்லை என்று எழுதிக்கொண்டார்.

ஓட்டியவர் கவிதா. பாலக்கோடு பக்கம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், அன்று விடுப்பில் வந்திருந்தார். கார் ஓட்டக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது. மேடம் இப்போதெல்லாம் இப்படிப்பட்டவர்களைத்தான் கூப்பிடுகிறார். எந்தப் பாதை என்று மேடம் கேட்டபோது, மாரண்டஹள்ளியிலிருந்து சேலம், திரும்ப மாரண்டஹள்ளி என்று நான் சொன்னேன். காரணம் அவர் கேட்கவில்லை. எதுவரை போகும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். தர்மபுரியில் நின்றுவிடும் என்றேன். பென்சிலில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் ஓட்டியதை என்னவென்று சொல்வது. ஏசி இருபதில். கிளம்பினால் பாய்ச்சல், நின்றால் குலுக்கல். போன் வந்தால் ஓரம் கட்டி, வண்டியை அணைக்காமல் கால் மணி நேரம் பேச்சு. தொப்பூர் அடிவாரத்தில் சாப்பிட நிறுத்தினார். ஏற்றத்தில் இரண்டு லாரிகளை முந்தினார். பின் இருக்கையில் இல்லாத பிரேக்கை நான் மிதித்து மிதித்துத் தொடை பிடித்துக்கொண்டது. மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் நான் மூட்டை என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

ஏற்றம் முடிந்தது. ஆமை வரவில்லை. தர்மபுரி தாண்டியது. பாலக்கோடும் தாண்டியது. மாரண்டஹள்ளியில் சகலை வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னபோது பதினொரு சதவீதம் மிச்சமிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வண்டி நான் சொன்னதைவிட அதிகமாக ஓடியிருந்தது. அதிலும் என் எண் தப்பு.

சத்தம் கேட்டுச் சகலை வெளியே வந்தார். காகிதம் ஒட்டிய காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். இங்கிருந்து காலையில் கிளம்பி, சேலம் போய்விட்டு, நடுவில் எங்கும் சார்ஜ் போடாமல் வருகிறோம் என்றேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“யாருங்க ஓட்டுனது?”

கவிதாவைக் காட்டினேன். கவிதா அப்போதுதான் காரைப் பின்னுக்கு எடுக்கிறேன் என்று அவர் வீட்டுக் குழாயை இடித்திருந்தார்.

“நீங்க?”

“பின்னாடி உக்காந்திருந்தன்.”

“எதையும் தொடலீங்களே?”

“இல்லீங்க சகல.”

அவர் குழாயைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார்.

“ருக்கு, இந்த வண்டிய நம்பலாம் போலிருக்கு. வெளிய வந்து பாரு.”